‘ஒன்றுமில்லை’ என்று சோனார் சொன்னால் எவ்வளவு நம்பலாம்?

கொழும்புக் கடலின் அடியில் இரண்டு உலகப் போர்களின் மிச்சமும் கிடக்கிறது. 1917 பெப்ரவரியில் ‘வொல்ஃப்’ என்ற ஜேர்மன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே கடற்கண்ணிகளை இறக்கிவிட்டுப் போனது. ‘வூஸ்டஷயர்’, ‘பேர்சியஸ்’ என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் அதே மாதத்தில் அவற்றில் முட்டி மூழ்கின. பிறகு 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு: ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க, ‘டெனடோஸ்’, ‘ஹெக்டர்’ இரண்டும் துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்ந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’. அந்த விமானங்கள் பெரும்பாலும் காவியது 250 கிலோவிலிருந்து 800 கிலோ வரையான குண்டுகள். போட்டதெல்லாம் வெடித்திருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். கரையிலிருந்து மேல்நோக்கிச் சுட்ட ஷெல்களும் எங்கேயோ விழுந்துதானே இருக்கும். அதற்கெல்லாம் பிறகு எங்கள் சொந்தப் போர். வடக்கு கிழக்குக் களப்புகளின் சேற்றில் கிடப்பவை அந்தக் காலத்தவை.

ஆகவே மணல் அள்ளப் போகிறவர், கடலடிக் கேபிள் போடுகிறவர், இறங்குதுறைக்குத் தூண் அடிக்கிறவர் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்பது ஒன்றைத்தான்: “சைட் ஸ்கேன் ஒன்று ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஒரு ரிப்போர்ட் தாங்கோ.” சைட் ஸ்கேன் என்பது ஒலியால் கடலடியைப் படம் பிடிக்கும் சோனார் வகை. அந்த ‘ஒன்றுமில்லை’ எந்த அளவு பொருளுக்கு, எந்த ஆழம் வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரிப்போர்ட் எழுதுகிறவர்களை விட அதை வாங்கி வாசிக்கிறவர்களுக்கு இது கூடப் பயன்படும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கருவியை அல்ல. தேடுவதில் மிகச் சிறியது எது? முழுத் திட்டமும் இந்த ஒரு விடையில் தொங்குகிறது. கடற்கண்ணி என்றால் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் குறுக்களவுள்ள உருண்டை. 250 கிலோக் குண்டு ஓர் ஆள் நீளம் வரும். 122 மில்லிமீற்றர் ஷெல்லுக்கு 12 சென்ரிமீற்றர் விட்டம், அரை மீற்றருக்குச் சற்று மேல் நீளம். 81 மில்லிமீற்றர் மோட்டார் எறிகணை அதை விடவும் சின்னது. கண்ணியைத் தேடுகிற வேகத்திலும் தூரத்திலும் ஓடிவிட்டு மோட்டார் எறிகணை இல்லை என்று எழுதக் கூடாது. எழுதியிருக்கிறார்கள் என்பது வேறு கதை. இந்தக் கட்டுரையில் கணக்குக்கு 122 மில்லிமீற்றர் ஷெல்லையே எடுத்துக்கொள்வோம்.

சைட் ஸ்கேன் சோனார் என்பது படகின் பின்னால் கேபிளில் இழுபடும் டோஃபிஷ். அது இரண்டு பக்கமும் விசிறி போல ஒலியை அனுப்பும். ஓட்டத் திசையில் ஒலிக்கற்றை மிக ஒடுக்கம், குறுக்கே அகலம். திரும்பி வரும் எதிரொலியை ஒரு கோடாக வரைந்து, கோட்டுக்கு மேல் கோடாக அடுக்கினால் கடலடியின் படம் வரும். ஒவ்வொரு கோடும் ஒரு பிங். அடுத்த பிங் புறப்பட முந்தியதன் எதிரொலி கடைசித் தூரத்திலிருந்து வந்து சேர வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பக்கத்துக்கு 40 மீற்றர் தூரம் வைத்தால் ஒலி போய்வர 80 மீற்றர். செக்கனுக்கு 1540 மீற்றர் போகும் ஒலியில் அது 0.052 செக்கன். அதாவது செக்கனுக்கு 19 பிங். படகு மூன்றரை நொட் வேகத்தில், செக்கனுக்கு 1.8 மீற்றர் போனால், பிங்குக்குப் பிங் இடைவெளி ஒன்பதரை சென்ரிமீற்றர். ஓட்டத் திசையோடு சேர்ந்து கிடக்கும் ஷெல்லில் ஐந்தாறு பிங் விழும். தூரத்தை 100 மீற்றராக்கினால் இடைவெளி 23 சென்ரிமீற்றர் ஆகி இரண்டே பிங். இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு கல்லா ஷெல்லா என்று யார் சொல்வது? ஒரு பொருளில் ஐந்து பிங் விழாத படத்தை இந்த வேலைக்கு நான் கணக்கில் எடுப்பதில்லை.

தூரத்தைக் கூட்டினால் நாள் மிச்சம், டீசல் மிச்சம் என்பதால் அந்த ஆசை எப்போதும் இருக்கும். கணக்கைப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிய மிச்சம் இல்லை. 40 மீற்றர் தூரம், கோடுகளுக்கு இடையே 35 மீற்றர் என்று வைத்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 29 கோடுகள். நேர் ஓட்டம் நாலரை மணித்தியாலம். ஒவ்வொரு முனையிலும் திரும்பிக் கேபிள் நேராகப் பத்து நிமிடம் கொடுத்தால் இன்னும் ஐந்து மணித்தியாலம் சேரும். ஒரு பகல் வேலை. கோட்டு இடைவெளி தூரத்தை விடக் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. டோஃபிஷுக்கு நேர் கீழே உள்ள பட்டையில் படம் எப்போதும் மோசம். அதைப் பக்கத்துக் கோடுதான் மூட வேண்டும்.

இனி மீடிறன், அதாவது ஒலி செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது. விற்பனைக்காரர்கள் முதலில் காட்டுவது 900 கிலோஹேர்ட்ஸ் படம்தான். சைக்கிளின் கம்பி கூடத் தெரியும். உண்மைதான், ஆனால் வெப்பக் கடல் நீர் உயர்ந்த மீடிறனை விழுங்கிவிடும். 29 பாகை செல்சியஸ் நீரில் 100 கிலோஹேர்ட்ஸ் ஒலி கிலோமீற்றருக்கு 33 டெசிபெல் அளவு இழக்கும். 400 கிலோஹேர்ட்ஸ் ஏறத்தாழ 160. 900 கிலோஹேர்ட்ஸ் ஏறத்தாழ 300. ஐம்பது மீற்றர் போய்வர 900 கிலோஹேர்ட்ஸ் ஒலிக்கு உறிஞ்சலில் மட்டும் 30 டெசிபெல் போய்விடும். பரவலால் வரும் இழப்பு தனி. 35 மீற்றருக்குள் 900, அதற்கு வெளியே 400 என்று இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பதிவதே எங்கள் கடலுக்குச் சரி. இரட்டை மீடிறன் கருவிகள் இப்போது சாதாரணம்.

இதை விடவும் முக்கியமானது டோஃபிஷ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்பது. கழன்று விழுந்த தோட்டுச் சுரையைத் தேடும்போது டோர்ச்சை மேலிருந்து அடிக்கமாட்டோம், தரையோடு சாய்த்து அடிப்போம். சுரையைக் காட்டிக் கொடுப்பது அதன் நீண்ட நிழல். சைட் ஸ்கேனும் அதேதான். தூரத்தின் பத்தில் ஒரு பங்கு உயரம் நல்லது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஷெல் பாதி மணலில் புதைந்து 6 சென்ரிமீற்றர் மட்டும் வெளியே நிற்கிறது என்று வையுங்கள். அது 30 மீற்றர் தூரத்தில் இருந்து, டோஃபிஷ் 4 மீற்றர் உயரத்தில் போனால் நிழலின் நீளம் 45 சென்ரிமீற்றர். உயரம் 10 மீற்றர் என்றால் 18 சென்ரிமீற்றர். முதலாவது படத்தில் கண்ணில் படும். இரண்டாவது மணல் வரிகளுக்குள் கரைந்துவிடும். நிழலை வைத்தே பொருளின் உயரத்தையும் கணக்கிடலாம்: நிழல் நீளத்தை டோஃபிஷின் உயரத்தால் பெருக்கி, டோஃபிஷிலிருந்து நிழல் முடியும் இடம் வரையான தூரத்தால் வகுக்க வேண்டும்.

தரையோடு ஒட்டி ஓட்டுவதில் அபாயமும் உண்டு. கொழும்பிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் போகும் கடலடியில் மணற்கல் பாறை வரிசைகள் கரைக்குச் சமாந்தரமாக எழும்பி நிற்கும். நாலு மீற்றர் உயரத்தில் போகும் டோஃபிஷ் எதிர்பாராமல் ஒரு பாறையில் மோதினால் வால் துடுப்பு போகும், சில வேளை முழுக் கருவியும் போகும். முதலில் மல்டிபீம் (பல கற்றைகளால் ஒரே நேரத்தில் ஆழம் அளக்கும் கருவி) அல்லது சாதாரண எதிரொலி ஆழமானியால் ஆழ வரைபடம் எடுத்துவிட்டு, அதைப் பார்த்து வின்ச்சில் ஓர் ஆளை நிறுத்தித்தான் சைட் ஸ்கேன் ஓட்ட வேண்டும். ஆழம் பத்து மீற்றருக்குக் குறைந்த இடத்தில் இழுப்பதே தேவையில்லை. படகின் பக்கத்தில் குழாய் அடித்து அதில் கருவியைப் பூட்டினால் இடக் குறிப்பும் துல்லியமாக வரும்.

இழுத்தால் இடக் குறிப்பு ஒரு தலைவலி. கேபிள் நீளத்தை வைத்து டோஃபிஷ் எங்கே என்று ஊகித்தால் நாலைந்து மீற்றர் பிழை சர்வசாதாரணம். குறுக்கு நீரோட்டம் இருந்தால் இன்னும் கூடும். டோஃபிஷில் ஒலிக்குறியன் கட்டிப் படகிலிருந்து திசையும் தூரமும் அளக்கலாம். ஆனால் ஆழம் குறைந்த நீரில் அந்தக் கோணம் கிட்டத்தட்டக் கிடையாகிவிடும். நடுவில் படகின் சொந்த விசிறி கிளப்பிய குமிழிகள். இதற்குச் சோதனை எளிது. தெரிந்த ஒரு பொருளை, கைவிட்ட நங்கூரக் கல்லென்றாலும் சரி, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை கடந்து பாருங்கள். இரண்டு படத்திலும் அதன் இடம் இரண்டு மீற்றருக்கு மேல் விலகினால் இடக் கணக்கைத் திருத்தாமல் வேலையைத் தொடர வேண்டாம். பிறகு சுழியோடி நாலு மீற்றர் தள்ளி இறங்கித் தேடிக்கொண்டிருப்பார், அடியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஒலியின் வேகத்தைக் கருவியில் 1500 என்று விட்டுவிடுவது இன்னொரு வழமை. எங்கள் கரையில் 29 பாகை வெப்பம், 34 உப்புத்தன்மை உள்ள நீரில் அது 1542 அளவு வரும். 40 மீற்றரில் ஒரு மீற்றருக்கு மேல் பிழை. களனி கங்கை முகத்துவாரத்தில் நன்னீர் மேலடுக்காக மிதந்து வரும் நாட்களில் அந்த அடுக்கில் வேகம் 1507 ஆக விழும். இரண்டு அடுக்கும் சேருமிடத்தில் ஒலி முறியும். டோஃபிஷ் கீழடுக்கில் ஓடினால் பெரிதாகப் பாதிக்காது, ஆனால் படகின் அடியில் பூட்டிய மல்டிபீமின் ஓரக் கற்றைகள் வளைந்து, தட்டையான தரை சிரிக்கிற வாய் மாதிரி வரும். ஒலிவேகமானியைக் காலையில் ஒரு முறை இறக்கினால் போதாது. மழை பெய்த மறுநாள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறக்க வேண்டும். கலங்கல் நீர் சோனாருக்குத் தடையில்லை. அது சுழியோடியின் கண்ணுக்குத்தான் தடை.

காலம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேற்குக் கரையில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும் காலத்தில் இந்த வேலைக்கு வெளிக்கடல் சரிவராது. டிசெம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் தென்னிந்து சமுத்திரத்திலிருந்து வரும் நீண்ட அலை படகைத் தூக்கித் தாழ்த்தும். கேபிள் டோஃபிஷை வெடுக் வெடுக்கென்று இழுக்கும். படத்தில் நேர்க்கோடு பாம்பாக நெளியும். இதற்கு நல்ல வழி, டோஃபிஷுக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் முன்னால் கேபிளில் ஒரு பாரத்தைத் தொங்கவிடுவது. படகின் துள்ளலைப் பாரம் வாங்கிக்கொள்ளும், அதற்குப் பின்னால் டோஃபிஷ் அமைதியாக வரும். பாறைப் பகுதியில் அந்தப் பாரம்தான் முதலில் தட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

துறைமுகத்துக்குள் வேறு தொல்லை. இழுவைப் படகு ஒன்று கடந்து போனால் அதன் குமிழித் தடம் பல நிமிடங்களுக்கு ஒலியை மறைக்கும், படத்தில் புகை போலக் கிடக்கும். பக்கத்துக் கப்பலின் எதிரொலி ஆழமானி ஒழுங்கான இடைவெளியில் புள்ளிக் கோடுகளை வரையும். சொந்த மல்டிபீமும் சைட் ஸ்கேனும் ஒன்றையொன்று குழப்பினால் மாறி மாறி ஒலிக்குமாறு இரண்டையும் ஒரே தூண்டு சமிக்ஞையில் இணைக்கலாம், அதுவும் சரிவராவிட்டால் வேறு வேறு நாளில் ஓட்டுவது உத்தமம்.

படம் வந்த பிறகு பொருள் பொறுக்கும் வேலை. பிரகாசமான புள்ளியைத் தேடுகிறவர் ஏமாறுவார். தேய்ந்த கல்லும் பிரகாசிக்கும், சிப்பிக் குவியலும் பிரகாசிக்கும். நிழலின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்: விளிம்பு நேரா, இரண்டு முனையும் சமமா, ஒரு முனை கூரா. பக்கவாட்டில் கிடக்கும் உருளை ஒலியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அதே உருளை முனையைக் காட்டிக்கொண்டு கிடந்தால் 12 சென்ரிமீற்றர் வட்டம் மட்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிங்தான் விழும். அதனால்தான் ஒரு திசைக் கோடுகளோடு நிறுத்தாமல் செங்குத்தாக இன்னொரு தொகுதி ஓட்ட வேண்டும் என்கிறோம். செலவு இரட்டிப்பாகும் என்று முகம் சுளிப்பார்கள். ஒரே திசையில் ஓடிய தரவை வைத்து உருளை வடிவப் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

போலிகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய்ப் பீப்பாய், டயர், அறுந்த வலையின் ஈயக்குண்டுகள், இறால் கூடு, பழைய நங்கூரம், அலைதடுப்பிலிருந்து உருண்ட கல். 2021இல் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ எரிந்து மூழ்கிய பிறகு கொழும்புக்கு வடக்கே இரும்புச் சிதறலும் சேர்ந்துகொண்டது. நூறு இலக்கு குறித்தால் வெடிபொருள் ஒன்றாவது வருமா என்பதே சந்தேகம். ஆனால் அந்த நூறையும் ஒவ்வொன்றாய்க் கழிக்காமல் ஒன்றைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வேலை தொடங்குமுன் கருவி உண்மையில் அந்தப் பொருளைப் பார்க்கிறதா என்று சோதிப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள். தேவையானது சில இரும்புக் குழாய்கள்தான். ஷெல்லின் விட்டத்துக்கு ஏற்ற குழாயை அரை மீற்றராக வெட்டி, இரு முனையும் தகடு வைத்து ஒட்டி, உள்ளே கொங்கிரீட் நிரப்ப வேண்டும். வெறும் காற்றோடு மூடினால் குறைந்த மீடிறனில் அதன் எதிரொலி நிரப்பிய குழாயிலிருந்து மாறிவிடும், சோதனை பொய்யாகும். நாலைந்து குழாய்களை வேறு வேறு திசை பார்க்க வைத்து, ஒன்றைப் பாதி புதைத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மிதவைக் கயிறு கட்டிவிட்டால் கயிறே படத்தில் தெரிந்து காட்டிக் கொடுத்துவிடும், கழற்றிவிடுங்கள். படம் வாசிப்பவருக்கு இடத்தைச் சொல்லாமல் எத்தனையைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் எனக்கு முதலில் வேண்டியது அந்த எண்தான்.

இதுவரை சொன்னது தரைக்கு மேல் தெரியும் பொருளுக்கு. புதைந்ததுக்கு என்ன செய்வது? மணல் கடலில் உருளையான எந்தப் பொருளும் நெடுநாள் மேலே கிடக்காது. அலை அதைச் சுற்றி மணலை அரித்துக் குழி பறிக்கும், பொருள் அந்தக் குழிக்குள் இறங்கும், மணல் மூடும். எண்பது ஆண்டுக்கு முந்திய குண்டு மேலே கிடந்து படத்துக்கு நிற்கும் என்று நினைப்பதே தப்பு.

சைட் ஸ்கேனால் இதைப் பார்க்க முடியாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மணல் ஒலியை உறிஞ்சும் அளவு. தோராயமாக ஒரு கிலோஹேர்ட்ஸுக்கு, ஒரு மீற்றர் மணலுக்கு அரை டெசிபெல். 400 கிலோஹேர்ட்ஸ் ஒலி வெறும் 10 சென்ரிமீற்றர் புகுந்து திரும்ப 40 டெசிபெல் இழக்கும். 10 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஒரு மீற்றர் புகுந்து திரும்பினாலும் 10 டெசிபெல்தான். இரண்டாவது, கோணம். மணலில் ஒலி நீரை விடப் பத்துப் பதினைந்து வீதம் வேகமாகப் போகும். உயர்தரப் பௌதிகவியலில் படித்த அவதிக் கோணம் இங்கே வந்து நிற்கும்: தரையோடு 25 முதல் 30 பாகைக்குக் குறைந்த கோணத்தில் வரும் ஒலி மணலுக்குள் நுழையாமல் தெறித்துப் போய்விடும். நிழலுக்காகத் தாழ்வான கோணத்தைத் தேடினோம். புதைந்ததைப் பார்க்க அதற்கு நேர்மாறாகச் செங்குத்தாக அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஒரே கருவி செய்யும் என்று சொல்கிறவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

செங்குத்தாகப் பார்க்கும் கருவிகளில் இந்த வேலைக்கு ஏற்றது பராமெட்ரிக் வகை. 100 கிலோஹேர்ட்ஸ் அளவில் அருகருகான இரண்டு மீடிறன்களை உரக்க அனுப்பினால் நீரில் அவற்றின் வித்தியாசம், 4 முதல் 15 கிலோஹேர்ட்ஸ் வரை, தானாகப் பிறக்கும். கற்றையும் ஒடுக்கமாக இருக்கும். ஒடுக்கம் என்றால் நாலு பாகை என்று வையுங்கள். 10 மீற்றர் ஆழத்தில் அது தரையில் 70 சென்ரிமீற்றர் வட்டம். ஒரு சதுர கிலோமீற்றரைப் பார்க்க ஒரு மீற்றருக்கு ஒரு கோடு போட்டாலும் ஆயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டும். திரும்பும் நேரத்தை விட்டாலே 150 மணித்தியாலத்துக்கு மேல். ஆகையால் இதைத் தேடும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கனவே சந்தேகப்பட்ட இடத்தின் மேல் போய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று உறுதி செய்யப் பயன்படுத்த வேண்டும்.

10 கிலோஹேர்ட்ஸின் அலைநீளம் 15 சென்ரிமீற்றர். ஷெல்லின் விட்டமே 12. இந்த அலைநீளத்தில் வடிவம் தெரியாது, ஒரு வளைவுக் கீற்று மட்டும் வரும். ஆனால் இந்த மீடிறன்களில் இரும்பு உடலே அதிரத் தொடங்கும். கல் திருப்பி அனுப்பும் ஒலியும், சுவர் தடித்த உலோக உருளை திருப்பி அனுப்பும் ஒலியும் மீடிறனுக்கு மீடிறன், கோணத்துக்குக் கோணம் வேறுபடும். பொருளைச் சுற்றிப் பல கோணத்திலிருந்து ஒரு கிலோஹேர்ட்ஸிலிருந்து முப்பது வரை பதிந்து, அந்த வேறுபாட்டை வரைபடமாக்கி, உள்ளே என்ன வகைப் பொருள் என்று பிரிக்கும் ஆய்வு அமெரிக்காவில் நீண்ட காலமாக நடக்கிறது. புளோரிடாவின் பனாமா சிட்டிக் கடலோரத்தில் 2013இல் உண்மையான ஷெல்களையும் பாறைகளையும் கலந்து வைத்து அளந்தார்கள். முறை வேலை செய்கிறது. ஆனால் கையில் வைத்து ஓட்டும் கருவியாக எங்கள் துறைமுகத்துக்கு நாளை வந்து இறங்கும் நிலையில் இல்லை. இன்னொன்று, வெப்பக் கடலின் பாறை ஓரங்களில் சொடுக்கு இறால் போடும் சத்தம் இரண்டு கிலோஹேர்ட்ஸிலிருந்தே தொடங்கி மேலே போகும். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் அதுதான். குறைந்த மீடிறனில் வேலை செய்கிறவருக்கு அது நிரந்தர இரைச்சல்.

சேறு என்றால் மணலை விட எளிதாக ஒலி நுழையும் என்பது புத்தகப் பாடம். களப்புச் சேற்றில் அழுகும் தாவரத்திலிருந்து மெதேன் வாயு குமிழியாகச் சிக்கியிருக்கும். வாயு உள்ள சேறு ஒலிக்குக் கண்ணாடி. அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது, படத்தில் ஒரு கறுப்புத் திரை. கடற்புல் படுக்கையும் அப்படித்தான், புல்லின் உள்ளே காற்றறைகள். நந்திக்கடல், யாழ்ப்பாணக் கடனீரேரி போன்ற இடங்களில் இவை இரண்டும் சேர்ந்து வரும், அதோடு ஒன்றரை மீற்றர் நீர். அங்கே மேற்பரப்பிலும் தரையிலும் மாறி மாறித் தெறிக்கும் ஒலி, பத்து மீற்றருக்கு அப்பால் படத்தைக் குழப்பிவிடும். அத்தகைய இடத்தில் ஒலியை முதன்மைக் கருவியாக நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. காந்தமானியும், கை உலோகங்காணியும் முன்னால் போகட்டும்.

காந்தமானியைச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. காந்த மத்திய கோடு எங்கள் நாட்டுக்கு அருகே போகிறது. பூமியின் காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்டக் கிடையாக இருக்கிறது. ஐரோப்பாவின் வடகடலில் இரும்புப் பொருளுக்கு மேலே நேராக உயரும் மேடு, இங்கே பள்ளமாக வரும், வடக்கிலும் தெற்கிலும் சிறு மேடுகளோடு. ஐரோப்பாவில் பழகியவர் மேட்டின் உச்சியில் இலக்கைக் குறித்துவிட்டால் சுழியோடி தவறான இடத்தில் தோண்டுவார். அலுமினிய உறையுள்ள வெடிபொருளைக் காந்தமானி பார்க்கவே பார்க்காது, சோனார் பார்க்கும். இரும்பு புதைந்திருந்தால் காந்தமானி பார்க்கும். சைட் ஸ்கேன் பார்க்காது. இரண்டின் இலக்குப் பட்டியலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்த பிறகுதான் யாரையும் கீழே அனுப்ப வேண்டும்.

கீழே போய்ப் பார்க்கும்போது மறுபடி ஒலி உதவும். களனி கலங்கி வரும் நாளில் சுழியோடிக்கு முழங்கையே தெரியாது. ஒன்றரை முதல் மூன்று மெகாஹேர்ட்ஸ் வரையில் இயங்கும் ஒலிக் கமராவை ஆளில்லாக் கருவியில் பூட்டி இறக்கினால் நாலைந்து மீற்றரிலிருந்து மூக்கு, வால் துடுப்பு, தூக்கும் வளையம் எல்லாம் பார்க்கலாம். தொட வேண்டாம். உள்ளே உள்ள வெடிமருந்து கடல் நீரில் பழுதாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை. துருப்பிடித்த வெடிதிரிதான் இன்னும் ஆபத்து. அடையாளம் கண்டதோடு எங்கள் வேலை முடிந்தது, அடுத்தது கடற்படையின் வெடிபொருள் பிரிவு. வலையில் ஏதாவது ஏறினால் முகத்துவாரத்து மீனவருக்கும் இதே சொல்: படகில் ஏற்ற வேண்டாம், சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டாம். வலையோடு இறக்கி, ஜீ.பி.எஸ். இடத்தைக் குறித்து, விலகி நின்று 119க்கு அறிவியுங்கள். வலை போனால் போகட்டும்.

இனி ரிப்போர்ட்டின் வாசகம். “ஆய்வுப் பகுதியில் வெடிக்காத வெடிபொருள் எதுவும் இல்லை” என்ற வரியை நான் கண்டால் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவேன். இருக்க வேண்டிய வரி இப்படி: “அரை மீற்றர் நீளமும் 12 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள பொருள் தரைக்கு மேல் குறைந்தது 6 சென்ரிமீற்றர் தெரியுமாறு கிடந்திருந்தால் இந்த ஆய்வில் அகப்பட்டிருக்கும், பாறைப் பகுதி இத்தனை சதுர மீற்றரில் இந்த முடிவு பொருந்தாது, புதைந்த இரும்புக்குக் காந்தமானியின் வரம்பு இவ்வளவு.” அதோடு சோதனைக் குழாய்களில் எத்தனை அகப்பட்டன, டோஃபிஷ் உயரம் எந்தக் கோடுகளில் வரம்பு மீறியது, அந்தக் கோடுகள் திருப்பி ஓடப்பட்டனவா என்பதும் வேண்டும். வாசிக்க அழகாக இராது. ஆனால் இயந்திரம் இறக்குகிறவருக்கு எங்கே கவனம் வேண்டும் என்று தெரியும்.

தேதியும் வேண்டும். சோளகம் ஒரு பருவம் அடித்து ஓய்ந்தால் மேற்குக் கரையின் மணல் முன்னிருந்த மாதிரி இருக்காது. புதைந்தது வெளிவரும், வெளியே கிடந்தது புதையும், சிறிய எறிகணைகள் இடம் பெயரவும் செய்யும். மார்ச்சில் எடுத்த படத்தை வைத்து ஒக்டோபரில் தூண் அடிக்கப் போகிறவர்கள் முழுப் பகுதியையும் மறுபடி ஓட வேண்டியதில்லை. தூண் வரும் புள்ளிகளைச் சுற்றி ஐம்பது மீற்றரும், முன்பு கழித்துவிட்ட இலக்குகளும், நங்கூரம் போடும் இடங்களும் போதும். நங்கூரம் போடும் இடத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தூணுக்கு அளந்த கவனத்தில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. நங்கூரம் தரையில் இழுபட்டுக்கொண்டு போகும் நூறு மீற்றரும் ஆய்வு எல்லைக்குள் வர வேண்டும்.